ஸ்கூபா கற்க எங்கே போவது? ஹேவ்லாக், கோ தாவ், நிலாவெளி

அக்காள் மகள் கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறாள். போன மாதம் தொலைபேசியில் கேட்டாள்: "சித்தி, பத்து நாள் விடுப்பு கிடைக்கும். ஸ்கூபா கற்றுக்கொள்ள வேண்டும், பவளப்பாறை பார்க்க வேண்டும். அந்தமான் போகட்டுமா, தாய்லாந்து போகட்டுமா?" முதுகில் காற்றுச் சிலிண்டரோடு கடலுக்குள் முக்குளிப்பதுதான் ஸ்கூபா.

"எந்த மாதம் விடுப்பு?" என்று திருப்பிக் கேட்டேன்.

"அது என் விருப்பம்தான். எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம்" என்றாள்.

அது பெரிய வசதி. பெரும்பாலானவர்களுக்கு மாதம் முன்பே முடிவாகியிருக்கும். கோடை விடுமுறை அல்லது டிசம்பர் கடைசி வாரம் என்று இருக்கும். இடத்தைப் பிறகு தேடுவார்கள். ஆனால் நம்மைச் சுற்றியுள்ள கடல்கள் இரண்டு பருவக்காற்றுகளின் பிடியில் இருக்கின்றன. தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் ஒரு பக்கம் கலங்கும், மறுபக்கம் தெளியும். வடகிழக்குக் காற்றில் அது தலைகீழாகும். கலங்கிய தண்ணீரில் முதன்முதலாக இறங்குபவருக்கு ஸ்கூபா என்றாலே பயம் என்று மனத்தில் பதிந்துவிடும். ஆகவே இந்த ஒப்பீட்டில் மாதத்தை ஒருபோதும் விட்டுவிட மாட்டேன்.

நான் பயிற்றுநர் இல்லை. ஒன்பது ஆண்டுகளாக விடுப்பு கிடைக்கும்போதெல்லாம் இறங்கி வருகிறவள். கற்றது அந்தமானின் ஹேவ்லாக்கில். பிறகு தாய்லாந்தின் கோ தாவிலும் இலங்கையின் நிலாவெளியிலும் இறங்கியிருக்கிறேன், அங்கே கற்க வந்தவர்களோடு ஒரே படகில் போய்வந்திருக்கிறேன். அவர்களில் யார் சிரித்துக்கொண்டு திரும்பினார்கள், யார் முகம் வெளுத்துத் திரும்பினார்கள் என்று பார்த்ததிலிருந்துதான் இதை எழுதுகிறேன்.

ஒரு நாளா, நான்கு நாளா?

இடத்துக்கு முன்னால் இதைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். சுற்றுலாக் கடற்கரைகளில் அறிமுக முக்குளிப்பு என்று ஒன்று உண்டு. நீச்சல் தெரிய வேண்டியதில்லை. கொஞ்ச நேரம் சொல்லிக்கொடுத்து, ஆழமில்லாத தண்ணீரில் பழக்கி, ஒருவர் நம்மைப் பிடித்தபடியே கீழே கூட்டிப்போவார். 12 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. முடிந்ததும் படம் கொடுப்பார்கள், சான்றிதழ் கிடையாது.

மற்றது ஓப்பன் வாட்டர் பயிற்சி. பாடம் படிக்க வேண்டும், நீச்சல்குளத்திலோ அமைதியான ஆழமற்ற தண்ணீரிலோ பயிற்சி செய்ய வேண்டும், பிறகு கடலில் நான்கு முறை இறங்க வேண்டும். நிற்காமல் 200 மீட்டர் நீந்துவதும் 10 நிமிடம் மிதப்பதும் தேர்வில் உண்டு. வேகம் பார்ப்பதில்லை. மூன்று அல்லது நான்கு நாளில் முடியும். அதன் பிறகு 18 மீட்டர் ஆழம் வரை, துணைக்கு இன்னொரு முக்குளிப்பவருடன் உலகில் எங்கும் இறங்கலாம். பி.ஏ.டி.ஐ. என்ற அமைப்பு 1966 முதலும் எஸ்.எஸ்.ஐ. 1970 முதலும் இந்தச் சான்றிதழைத் தருகின்றன. இரண்டில் எது மேல் என்று குழம்பிக்கொண்டிருப்பது வீண். ஒன்றின் அட்டையை மற்றதன் மையங்களும் ஏற்கின்றன.

என் முதல் அனுபவம் அறிமுக முக்குளிப்புதான். எந்தக் கடற்கரை, எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை. படகில் ஏறிய பிறகுதான் உடல்நலப் படிவத்தை நீட்டினார்கள். படிப்பதற்குள் அடுத்தவர் கைக்குப் போய்விட்டது. காதை எப்படிச் சமன்செய்வது என்பதை ஒரு முறை செய்து காட்டினார்கள், நான் செய்கிறேனா என்று யாரும் பார்க்கவில்லை. இறங்கி மூன்றாவது மீட்டரிலேயே காது வலித்தது. கையால் சைகை காட்டினேன். பின்னாலிருந்து பிடித்திருந்தவர் அதைக் கவனிக்காமல் கீழே அழுத்திக்கொண்டே போனார். அன்று பார்த்த மீன் ஒன்றுகூட எனக்கு நினைவில் இல்லை. மூன்று வாரம் வலது காது அடைத்திருந்தது நன்றாக நினைவிருக்கிறது.

அங்கே நடந்தது என்ன என்று பின்னால் படித்தபோதுதான் புரிந்தது. ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேலே ஒரு மடங்காக இருப்பது 10 மீட்டரில் இரண்டு மடங்கு, 20 மீட்டரில் மூன்று மடங்கு. அதாவது மேலிருந்து 10 மீட்டர் இறங்குவதற்குள் நம் காதுக்குள் இருக்கும் காற்றின் கொள்ளளவு பாதியாகிவிடுகிறது. அடுத்த 10 மீட்டரில் அவ்வளவு பெரிய மாற்றம் இல்லை. முதல் சில மீட்டர்தான் காதுக்குச் சோதனை. மூக்கைப் பிடித்துக்கொண்டு மென்மையாக ஊதி, வலி தொடங்கும் முன்பே, மீட்டருக்கு ஒரு முறையாவது காதைத் திறந்துவிட வேண்டும். வலி வந்துவிட்டால் கொஞ்சம் மேலேறி, மறுபடி முயல வேண்டும். இதற்குத் தேவை பொறுமை மட்டுமே. வரிசையில் அடுத்த பத்துப் பேர் காத்திருக்கும் படகில் அந்தப் பொறுமைக்கு இடமில்லை.

அறிமுக முக்குளிப்பை மொத்தமாக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது, நீச்சல் தெரியாது, ஒரு முறை கீழே பார்த்துவிட்டு வந்தால் போதும் என்பவருக்கு வேறு வழி இல்லை. அப்படிப் போகிறவர்கள் ஒருவருக்கு ஒரு பயிற்றுநர் என்று உறுதி கேட்டுவாங்க வேண்டும், படிவத்தை முதல் நாளே வாங்கிப் படிக்க வேண்டும். ஆனால் கற்றுக்கொள்ள வேண்டும் என்று ஒருவர் சொன்னால் என் பதில் நான்கு நாள் பயிற்சிதான். அக்காள் மகள் கற்க விரும்புகிறாள்.

நாம் மறந்துவிடக் கூடாத விதி ஒன்று இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துக் குளித்தவர்களும் சங்கு குளித்தவர்களும் மூச்சை அடக்கித்தான் இறங்கினார்கள். பெரிய அளவில் முத்துக்குளிப்பு அங்கே கடைசியாக நடந்தது 1961-இல். அவர்கள் நெஞ்சில் கொண்டுபோனது மேலே இழுத்த காற்று. ஆழத்தில் அது சுருங்கும், மேலே வரும்போது பழைய அளவுக்குத் திரும்பும், அவ்வளவே. சிலிண்டரிலிருந்து மூச்சுவிடுபவர் 10 மீட்டரில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியும். அப்போது மூச்சை அடக்கினால் நுரையீரல் கிழியும். முத்துக்குளிப்பவரைக் காத்த அதே மூச்சடக்கம் ஸ்கூபாவில் ஆளைக் கொல்லும். பயத்தில் மனிதர் இயல்பாகச் செய்வது மூச்சைப் பிடிப்பதுதான். அந்த இயல்பை மாற்ற ஒரு மணி நேரம் போதாது, குளத்தில் இரண்டு நாளாவது வேண்டும். நான் நான்கு நாளுக்காகப் பிடிவாதம் பிடிப்பதற்கு இதுதான் முதல் காரணம்.

பாதியை ஊரிலேயே முடிப்பது

பயணத்தில் கற்பது என்றால் எல்லாவற்றையும் தீவில்தான் கற்க வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். தேவையில்லை. பாடத்தையும் குளத்துப் பயிற்சியையும் சென்னை, பெங்களூர், புதுச்சேரி போன்ற ஊர்களில் முடித்து, கையொப்பமிட்ட கடிதத்தோடு தீவுக்குப் போய், கடலில் இறங்கும் நான்கை மட்டும் அங்கே செய்யலாம். பி.ஏ.டி.ஐ. முறையில் அந்தக் கடிதம் 12 மாதம் செல்லும்.

நான் இப்படித்தான் கற்றேன். காது பாதிக்கப்பட்ட அனுபவத்துக்குப் பிறகு மறுபடி இறங்கவே பயமாக இருந்தது. சென்னையில் இரண்டு சனி, ஞாயிறுகள் நீச்சல்குளத்தில் கழிந்தன. முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்தால் மூக்கால் ஊதி வெளியேற்ற வேண்டும். மூச்சுவிடும் வாய்க்கருவியான ரெகுலேட்டர் வாயிலிருந்து நழுவினால் தேடி எடுத்துப் பொருத்த வேண்டும். முதலாவது எனக்கு ஆறு முறை தவறியது. மூக்கில் குளோரின் தண்ணீர் ஏறிக் கண்ணீர் விட்டேன். வீட்டுக்குப் போய் நாளைக்கு வரலாம் என்ற நினைப்பு எவ்வளவு பெரிய ஆறுதலாக இருந்தது! தீவில் அதே தடுமாற்றம் வந்திருந்தால் என் ஒரே கவலை, நாளைக்குத் திரும்பும் படகு என்பதாகத்தான் இருந்திருக்கும்.

குறைகளும் உண்டு. இரண்டு இடத்தில் கட்டணம் கட்டுவதால் மொத்தச் செலவு கொஞ்சம் கூடும். குளத்தில் பழகிய பயிற்றுநர் கடலில் இருக்க மாட்டார், புதியவரிடம் முதலிலிருந்து நம்பிக்கை வர வேண்டும். இருந்தாலும் ஒரு வாரத்துக்கும் குறைவான பயணம் என்றால் இந்த வழியைத்தான் பரிந்துரைப்பேன். தீவில் இரண்டு நாள் மிச்சமாகும். அந்த இரண்டு நாளில் பயிற்சி இல்லாமல், தேர்வு இல்லாமல், பவளப்பாறையைப் பார்ப்பதற்கென்றே இறங்கலாம்.

மருத்துவப் படிவமும் ஊரிலேயே முடிக்க வேண்டிய வேலை. ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய், காது அறுவை என்று கேள்விகள் இருக்கும். ஆம் என்று பதில் சொல்லும்படி ஒன்று இருந்தாலும் மருத்துவர் கையொப்பம் கேட்பார்கள். தீவில் போய் இறங்கிய பிறகு இதைச் சந்திப்பவர், கட்டிய பணத்தை நினைத்து, இல்லை என்று எழுதிவிடும் ஆபத்து இருக்கிறது. அப்படி எழுதிய ஒருவரைக் கண்டிருக்கிறேன். அவர் நலமாகத்தான் திரும்பினார், ஆனாலும் அன்று முழுவதும் எனக்கு நெஞ்சு படபடத்தது. அக்காள் மகளுக்குச் சிறுவயதில் இளைப்பு இருந்தது. ஆகவே அவளை முதலில் அனுப்பியது மார்புநோய் மருத்துவரிடம்.

ஹேவ்லாக்

2018-இல் சுவராஜ் தீவு என்று பெயர் மாற்றினார்கள், ஆனாலும் படகுத்துறையிலும் பேச்சிலும் ஹேவ்லாக்தான். சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்கு விமானம் இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் கூட. இப்போது அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். அங்கிருந்து கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணி நேரம். கடவுச்சீட்டு வேண்டாம், பணம் மாற்ற வேண்டாம்.

கற்பவருக்கு ஹேவ்லாக்கின் பெரிய பலம், அங்கே ஒருவருக்கு அல்லது இருவருக்கு ஒரு பயிற்றுநர் என்பது எளிதாகக் கிடைப்பது. விதிப்படி கடலில் ஒரு பயிற்றுநர் எட்டு மாணவர்கள் வரை கூட்டிப்போகலாம். என்னோடு இறங்கியவர் ஒரே ஒருவர், பெங்களூரைச் சேர்ந்த பள்ளி ஆசிரியை. முதல் இறக்கத்தில் அவருக்குக் காது திறக்க ஏழெட்டு நிமிடம் ஆனது. பயிற்றுநர் கயிற்றைப் பிடித்தபடி, அவர் கண்ணைப் பார்த்தபடி, அசையாமல் காத்திருந்தார். எனக்குப் பழைய படகு நினைவுக்கு வந்து கண்ணாடிக்குள் கண் கலங்கியது. அந்த எட்டு நிமிடத்தில்தான் எனக்குக் கடல் மீதிருந்த பயம் போயிற்று.

அந்தமானில் முக்குளிப்புத் தொழிலில் கரேன் சமூகத்தவர் பலர் இருக்கிறார்கள். 1925-இல் ஆங்கிலேயர் ஆட்சியில் பர்மாவிலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள். ஜானிஸ் கார்ஜ், டிக்சன்ஸ் பினக்கிள் என்று அங்கே புகழ்பெற்ற ஆழ்பாறைகள் கரேன் முக்குளிப்பவர்களின் பெயரைத் தாங்கியவை. சீலா மீன் கூட்டமும் பெரிய களவாவும் அங்கேதான். ஆனால் அவை ஆழமானவை, நீரோட்டம் உள்ளவை, கற்பவருக்கு உரியவை இல்லை. பயிற்சி நடப்பது கரையை ஒட்டிய நீமோ ரீஃப், லைட் ஹவுஸ் போன்ற இடங்களில். நீமோ ரீஃபில் மணல் அதிகம், பவளம் சிறு சிறு திட்டுகளாக. தண்ணீர் எப்போதும் கண்ணாடி போல இருக்காது. விளம்பரப் படத்தைப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அங்கே ஏமாற்றம் அடைகிறார்கள். எனக்கு அந்த மணல் பெரிய வரம் என்று படுகிறது, காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

மாதம்: அக்டோபர் முதல் மே தொடக்கம் வரை இறங்கலாம் என்றாலும், பிப்ரவரி முதல் ஏப்ரல் பாதி வரை கடல் மிக அமைதி. டிசம்பர் கடைசியில் கூட்டமும் விலையும் உச்சத்தில் இருக்கும், பயிற்றுநர்கள் களைத்திருப்பார்கள். ஏப்ரல், மே மாதங்களில் தண்ணீர் சூடேறும். 2010-இல் அப்படிச் சூடேறித்தான் அந்தமான் பவளங்கள் பெருமளவு வெளிறின.

கோ தாவ்

தாவ் என்றால் தாய் மொழியில் ஆமை. தாய்லாந்து வளைகுடாவில் சுமார் 21 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள சின்னத் தீவு. 1933 முதல் 1947 வரை அரசியல் கைதிகளை அடைத்துவைத்த இடம். இன்று உலகில் ஸ்கூபா சான்றிதழ் மிக அதிகமாக வழங்கப்படும் இடங்களில் ஒன்று.

மலிவு என்பதுதான் அதன் புகழ். அந்தப் புகழ் ஐரோப்பாவிலிருந்தும் ஆஸ்திரேலியாவிலிருந்தும் வருபவர்களின் கணக்கு. அங்கே ஓப்பன் வாட்டர் கட்டணம் தாய்லாந்து நாணயத்தில் பத்தாயிரம் பாட்டைச் சுற்றி இருக்கிறது. ரூபாயில் மாற்றிப் பார்த்தால் ஹேவ்லாக்கில் கேட்பதற்கும் அதற்கும் பெரிய இடைவெளி இல்லை. பல பள்ளிகள் பயிற்சி நாட்களுக்குத் தங்குமிடத்தைச் சேர்த்தே கொடுப்பதும் சாப்பாடு மலிவாக இருப்பதும் மிச்சம். ஆனால் பாங்காக் விமானம், அங்கிருந்து சும்பொன்னுக்கு இரவு ரயில் அல்லது பஸ், பிறகு வேகப்படகு என்று போகப் பெரும்பாலும் ஒன்றரை நாள், வர ஒன்றரை நாள். பத்து நாள் விடுப்பில் மூன்று நாள் பாதையில் போகும். எப்படியும் தாய்லாந்து சுற்றப் போகிறவருக்கு இது இழப்பே இல்லை. ஸ்கூபாவுக்காக மட்டும் போகிறவருக்கு இழப்பு.

கற்பிக்கும் ஒழுங்கில் கோ தாவ் தேர்ந்த இடம். பாடத்துக்கு நேரம், படகுக்கு நேரம், பல மொழிகளில் பயிற்றுநர்கள், அமைதியான விரிகுடாக்கள். கோ நாங் யுவான் தீவை ஒட்டிய ஜப்பானீஸ் கார்டன், மாங்கோ பே போன்றவை ஆழம் குறைந்தவை. பள்ளிகளுக்கு இடையே போட்டி கடுமையானது, அதனால் கருவிகள் நல்ல நிலையில் இருக்கும். அதே போட்டிதான் குழுவையும் பெரிதாக்குகிறது. ஆறு பேர் கொண்ட குழுவில் ஐந்து பேர் இருபது வயதுக்காரர்கள், தண்ணீரில் வளர்ந்தவர்கள். ஆறாவது நபர் நாற்பதைக் கடந்த நம் ஊர்ப் பெண். ஐந்து பேர் கற்கும் வேகத்துக்கு ஆறாவது நபர் ஓட வேண்டியிருக்கிறது. அப்படி ஒருவரை அங்கே பார்த்தேன். இரண்டாம் நாள் மாலை, "எனக்கு வராது" என்று சொல்லிவிட்டுப் பையைக் கட்டிவிட்டார். அவருக்கு நிச்சயம் வந்திருக்கும். இன்னும் இரண்டு நாளும் அவருக்கென்று ஒருவரும் தேவைப்பட்டார்கள், அவ்வளவுதான். அங்கே கற்கப் போகிறவர் குழுவில் நான்கு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்று முன்பே எழுத்தில் கேட்டுவாங்குவது நல்லது.

தனியாகப் பயணம் செய்யும் இளம்பெண்ணுக்கும் இளைஞருக்கும் கோ தாவில் கிடைக்கும் தோழமை மற்ற இரண்டு இடங்களிலும் கிடைக்காது. இதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஒன்றாகக் கற்றவர்கள் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து பயணம் செய்வதைப் பார்த்திருக்கிறேன்.

மாதம்: மார்ச் முதல் செப்டம்பர் வரை நன்று. நவம்பரில் வளைகுடாப் பக்கம் மழையும் அலையும். தாய்லாந்து என்றாலே டிசம்பர் என்று நினைப்பது மேற்குப் பக்கத்து அந்தமான் கடலுக்குப் பொருந்தும், இந்தத் தீவுக்குப் பொருந்தாது.

நிலாவெளி

திருகோணமலைக்கு வடக்கே 15 கிலோமீட்டர். கரையிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் தூரத்தில் புறாத்தீவு. 1963-இல் சரணாலயமாகவும் 2003-இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்டது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் அந்தமான் கலங்கிக் கிடக்கும்போது இந்தக் கிழக்குக் கரை தெளிந்திருக்கும். ஏப்ரல் கடைசி முதல் செப்டம்பர் வரை பருவம். நம் கோடை விடுமுறையில் மே மாதமும் இதற்குள் அடங்கும்.

இதைப் பட்டியலில் சேர்க்க எனக்கு ஒரு தனிக் காரணம் உண்டு: மொழி. ஆங்கிலம் நன்றாகப் பேசுகிறவர்களுக்குக்கூடப் பதற்றத்தில் கேட்பது தாய்மொழியில்தான் விளங்கும். நிலாவெளியில் படகோட்டிகள் தமிழ் பேசுகிறார்கள், கரையில் உதவுபவர்களில் பலரும் அப்படியே. அங்கே முக்குளிப்பவரைச் சுழியோடி என்கிறார்கள், பவளத்தை முருகைக்கல் என்கிறார்கள். "சோளகம் விழுந்த பிறகு வாருங்கள் அக்கா, தண்ணீர் இன்னும் தெளிவாக இருக்கும்" என்று ஒரு பெரியவர் எனக்குச் சொன்னார். தென்மேற்குக் காற்றுக்கு அங்கே சோளகம் என்று பெயர். எந்தக் காற்றில் எந்தப் பாறையின் எந்தப் பக்கம் அமைதியாக இருக்கும் என்பதை அவர் விரல்நுனியில் வைத்திருந்தார். படகில் ஏறும் முன் ஒருவர் நம் மொழியில் கடலைப் பற்றிச் சொல்வது மனத்துக்கு எவ்வளவு தெம்பு என்பதை அனுபவித்தால்தான் தெரியும். பயிற்றுநர் தமிழ் பேசுபவராக அமைவாரா என்பதை மட்டும் முன்கூட்டியே கேட்க வேண்டும். எல்லா மையங்களிலும் அப்படி இல்லை.

கீழே என்ன இருக்கிறது? புறாத்தீவைச் சுற்றி ஆழமற்ற பவளப் பரப்பு, கருமுனைச் சுறாக்கள், கூட்டமாக ஓரா மீன், சில நாள் அலுங்காமை. 1998-இல் கடல் சூடேறியபோது தெற்கே ஹிக்கடுவப் பவளங்கள் பெரும்பாலும் அழிந்தன, திருகோணமலைப் பக்கம் ஓரளவு தப்பியது. ஆனால் தீவின் கரையோரத்தில் கூட்டம் அதிகம். நீந்த வருகிறவர்கள் பவளத்தின் மேல் நின்று இளைப்பாறுகிறார்கள். உடைந்த கிளைகள் அங்கே வெள்ளையாகக் குவிந்து கிடப்பதைப் பார்த்துவிட்டு அன்று மதியம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஸ்கூபா பயிற்சி நடப்பது அந்தக் கூட்டத்திலிருந்து விலகிய பாறைகளில்.

திருகோணமலைக்கு வேறொரு பழமையும் உண்டு. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1956-இல் இலங்கைக்கு வந்தபின், கோணேசர் கோயில் மலையின் அடியில் இறங்கிப் பழைய கோயிலின் சிதைந்த கற்களைக் கண்டவர்களில் ஒருவர். சான்றிதழ் பெற்ற பிறகு, கடல் அமைதியான நாளில், அந்தக் கோயில் மலையின் அடிவாரத்தில் இறங்குவது என் ஆசைகளில் ஒன்றாக இருந்தது. நிறைவேறியது. மேலே கோயில் மணி, கீழே தூண் துண்டுகள் மேல் மேயும் கிளிமீன்கள். அதைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.

பலவீனம் இரண்டு. மையங்கள் குறைவு, ஒரே பயிற்றுநரை நம்பிப் போய் அவர் உடல்நலம் குன்றினால் மாற்று கிடைப்பது கடினம். இரண்டாவது, பயணத் திட்டம். இலங்கை போகிறவர்கள் கடலை முடித்துக்கொண்டு நேரே நுவரெலியா போகிறார்கள். அது 1,868 மீட்டர் உயரம். இறங்கிய அன்றே அவ்வளவு உயரம் ஏறுவது விமானம் ஏறுவதற்குச் சமம். பல முறை இறங்கிய பிறகு குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது பொதுவான பரிந்துரை. ஆகவே மலையை முதலில் பார்த்துவிட்டுக் கடலைக் கடைசியில் வைத்து, அதன் பிறகு ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும். கோ தாவிலிருந்து பாங்காக் திரும்பும் படகும் ரயிலுமே அந்த இடைவெளியின் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ஹேவ்லாக்கில் கப்பல் இரண்டு மணி நேரம்தான், அங்கேயும் ஒரு நாள் சும்மா இருக்க வேண்டும்.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பெர்ஹெந்தியான் தீவுகள் கோ தாவைவிட அமைதி, மார்ச் முதல் அக்டோபர் வரை திறந்திருக்கும். லட்சத்தீவின் பவள வளையங்கள் இந்தியாவிலேயே அழகானவை, ஆனால் அனுமதிச்சீட்டும் போக்குவரத்தும் பயணியின் கையில் இல்லை, சான்றிதழ் பெற்ற பிறகு போகலாம். புதுச்சேரி குளத்துப் பயிற்சிக்கு நல்லது; கடலின் தெளிவு நாளுக்கு நாள் மாறும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் நம் வாசலில் இருந்தாலும் தேசியப் பூங்கா, அங்கே பொழுதுபோக்காகக் கற்க வழியில்லை. அதுவே சரி.

மணல் ஏன் வரம்?

மேலே விட்டதை இப்போது சொல்கிறேன். கற்பவருக்கு மிகக் கடினமானது மிதப்பு. மேலேயும் போகாமல் கீழேயும் விழாமல் நீரின் நடுவில் நிற்பது. மூச்சை இழுத்தால் உடல் மெல்ல எழும், விட்டால் தாழும். அது வசமாகும் வரை கால் துடுப்பு எங்கே படுகிறது என்பதே தெரியாது. என் முதல் இறக்கத்தில் என் துடுப்பு எதையோ தட்டியது. திரும்பிப் பார்த்தேன், மணல். அங்கே பவளம் இருந்திருந்தால்? குண்டுக்கல் போன்ற பெரும்பவளம் ஆண்டுக்குச் சுமார் ஒரு சென்டிமீட்டர்தான் வளர்கிறது. என் வயதுக்கு மூத்த ஒன்றை ஒரு விநாடியில் உடைத்திருப்பேன். 2024 ஏப்ரலில், உலகளாவிய நான்காவது பவள வெளிறல் நடந்துகொண்டிருப்பதாக விஞ்ஞானிகள் அறிவித்தார்கள். வெப்பத்தைத் தாங்கிப் பிழைத்திருக்கும் பவளம் நம் காலால் சாகலாமா?

அதனால் எந்த ஊரானாலும் மையத்திடம் நான் கேட்கச் சொல்வது இது: "முழங்காலிட வைத்துச் சொல்லித்தருவீர்களா, மிதந்தபடி சொல்லித்தருவீர்களா?" அவசரமாக நடத்துபவர்கள் இடுப்பில் ஈயத்தை அதிகமாகக் கட்டி, தரையில் மண்டியிட வைத்துப் பயிற்சியை முடித்துவிடுவார்கள். அப்படிக் கற்றவர் பவளத்தின் மேல் கல்லாக இறங்குவார். முதல் நாளிலிருந்தே மிதந்தபடி கற்பிப்பவர் கிடைத்தால், அவர் எந்தத் தீவில் இருந்தாலும் அங்கே போகலாம் என்பேன். கேமராவையும் பயிற்சி நாட்களில் கரையிலேயே விட்டுவிட வேண்டும். கையில் கேமரா இருந்தால் கண் படத்தில் இருக்கும், கால் பவளத்தில் இருக்கும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, "அப்படியானால் எனக்கு எது சித்தி?" என்று கேட்டாள். அவளுக்கு ஆங்கிலம் தடையில்லை, நீச்சல் சுமார், புதிய கூட்டத்தில் கூச்சம், மாதம் அவள் கையில். ஆகவே மார்ச், ஹேவ்லாக். குளத்துப் பயிற்சி முன்பே சென்னையில், எங்கள் வீட்டில் தங்கி. அவளுக்கு ஜூலையில்தான் விடுப்பு என்றிருந்தால் யோசிக்காமல் நிலாவெளி என்றிருப்பேன். தாய்லாந்தைச் சுற்ற மூன்று வாரம் இருந்திருந்தால் கோ தாவ்.

நேற்று மருத்துவர் மூச்சுச் சோதனை செய்து கையொப்பமிட்டுவிட்டாராம். நீச்சல்குளத்தில் 150 மீட்டர் வரை நிற்காமல் போகிறாள். இன்னும் 50 இருக்கிறது, மார்ச்சுக்கு நாளும் இருக்கிறது.